வலி இல்லையாம்

பிற கலாச்சாரத்து நோயாளிகளிடம் பேசுவது எப்படி என்ற பயிற்சியை முடித்ததிலிருந்து, அறுவை சிகிச்சை வார்டின் தலைமை நர்ஸ் சீருடையில் ஒரு பேட்ஜ் குத்திக்கொண்டு திரிந்தார். பேட்ஜ் அக்கா என்ற பெயர் அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் மட்டும் புழங்கியது.

ஜன்னலோரக் கட்டிலில், முந்தாநாள் குடலில் அறுவை நடந்த பெரியவர். வேறு மொழிக்காரர். பக்கத்தில், மடிப்புக் கலையாத சட்டையில், இரண்டு மொழியும் தெரிந்த மருமகன். ஷிப்ட் மாறும்போது கட்டிலருகே நின்றுதான் நோயாளியை ஒப்படைக்க வேண்டும். அக்கா, பயிற்சியில் மனப்பாடம் செய்த வணக்கத்தைப் பெரியவரின் மொழியில் சொன்னார். அது தம்முடைய மொழிதான் என்று கண்டுபிடிக்கப் பெரியவருக்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகு அக்கா, வலி இருக்கிறதா என்று மருமகன் மூலம் கேட்டார். பெரியவர் நிமிர்ந்து உட்கார முயன்று, ஒரே சொல்லில் முடித்தார்.

"வலி இல்லையாம்," என்றார் மருமகன்.

மாலை ஷிப்டுக்கு வந்த நர்ஸ், பெரியவரின் மேலுதட்டு வேர்வையையும் கட்டில் கம்பியை இறுக்கிய விரல்களையும் பார்த்தாள். நாடித் துடிப்பும் ஏறியிருந்தது. மருமகனை வெளியே அனுப்பிவிட்டு, போனில் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடலாமே என்றாள். அக்கா புன்னகைத்தார். வலியைத் தாங்குவது அவர்கள் கலாச்சாரம், குடும்பத்தைப் பிரிப்பது அவமரியாதை என்று, பெரியவரின் தலைக்கு மேலேயே, மேசை நாற்காலியைப் பற்றிப் பேசுவதுபோல் விளக்கினார்.

"கலாச்சாரம் இருக்கட்டும்க்கா. எந்த மாமனார் மருமகன் முன்னாடி வயிறு வலிக்குதுன்னு சொல்வாரு? எங்கப்பாவே சொல்ல மாட்டாரு."

"உங்கப்பா கதையை வீட்ல வச்சுக்கம்மா."

அக்கா அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும், மாலை நர்ஸ் மருமகனைப் பஞ்சு வாங்கி வரக் கீழே அனுப்பினாள். வார்டு அலமாரியில் பஞ்சு பிதுங்கிக்கொண்டிருந்தது. மொழிபெயர்ப்பாளரைப் போனில் பிடித்தாள். பெரியவர் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, அவள் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்தார். பலகையாக இறுகிக் கிடந்தது.

"காலையிலேர்ந்தே உயிர் போகுதாம்," என்றது போன் குரல். "பொண்ணைக் கட்டினவன் முன்னாடி முனகறதான்னு கேக்கறார்."

டாக்டர் வந்து வயிற்றைத் தொட்டார். உள்ளே தையல் விட்டிருக்கிறது, உடனே தியேட்டருக்கு என்றார். ஸ்ட்ரெச்சர் கிளம்பும்போது, பஞ்சுப் பொட்டலத்தோடு மருமகன் ஓடிவந்தார். நெஞ்சில் கைவைத்தபடி அக்காவும் வந்துசேர்ந்தார்.

"அப்பாவுக்குப் பயமா இருக்கான்னு கேளுங்க," என்றார் மருமகனிடம்.

மருமகன் கேட்டார். பெரியவர் மாலை நர்ஸின் விரல்களை நசுக்கிக்கொண்டே, அதே ஒற்றைச் சொல்லைச் சொன்னார்.

"பயம் இல்லையாம்."

"பாத்தியா," என்றார் அக்கா அவளிடம். "அவங்க அப்படித்தான்."