இரண்டு கையிலும் இரும்பு

“வலிப்பு வர்றப்ப எந்தக் கை இறுகுது? வலதா, இடதா?” என்று திருச்சி டாக்டரம்மா கேட்டதும் மணிமொழி தன் அம்மாவைப் பார்த்தாள். வலிப்பு வரும் நேரத்தில் அவள் தன் உடம்பில் இருப்பதில்லை. என்ன நடந்தது என்று சொல்ல வீரம்மாள் ஒருத்திதான் சாட்சி.

“எதுவும் இறுகாதுங்கம்மா,” என்றாள் வீரம்மாள் பெருமையாக. “ஒரு கையில சாவிக்கொத்து, ஒரு கையில கரண்டி. இரும்பக் குடுத்து நான் அமுக்கிப் புடிச்சுக்குவேன். மூஞ்சிய முந்தானையால மூடிடுவேன். செத்த நேரத்துல நின்னுடும்.”

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். “நீங்க புடிச்சுக்கிட்டா நான் எதப் பாக்குறது? மூணு மாத்திரை மாத்தியாச்சு, நிக்கல. மூளையில காதுக்கு மேல இருக்கிற பகுதியிலேர்ந்து வருதுன்னு நெனைக்கிறேன். டெம்போரல் லோப்னு சொல்லுவோம். இறுகுற கைய வச்சு எந்தப் பக்கம்னு தெரிஞ்சா ஆபரேஷன்ல சரி பண்ண வழி இருக்கான்னு பாக்கலாம். அட்மிட் பண்ணி வலிப்பப் பதிவெடுக்க உங்க முறை வர நாளாகும். அதுக்குள்ள வந்துச்சுன்னா போன்ல வீடியோ எடுங்க. கையத் தொடாதீங்க. மூஞ்சிய மூடாதீங்க.”

ஆபரேஷன் என்ற சொல்லைக் கேட்டதும் வீரம்மாள் மகளின் தலையில் கை வைத்துக்கொண்டாள். மணிமொழிக்கோ ‘வழி’ என்ற சொல்தான் காதில் நின்றது.

முன்பு பார்த்த பெரம்பலூர் டாக்டரிடம் வழி எல்லாம் கிடையாது. அடிவயிற்றிலிருந்து ஏதோ பொங்கி ஏறும், ரப்பர் கருகுகிற வாடை அடிக்கும், நடப்பதெல்லாம் ஏற்கெனவே நடந்த மாதிரி இருக்கும், அப்புறம் ஒன்றும் தெரியாது என்று அவள் சொல்லச் சொல்ல, அந்த ஆள் வீரம்மாளைப் பார்த்தே பேசினார். “கீழ விழல. நுரை தள்ளல. இதெல்லாம் வலிப்பாம்மா? வயசுப் பொண்ணு. காலாகாலத்துல கல்யாணத்த முடிங்க.” தூங்குவதற்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவர்கள் வகையறாவிலேயே காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் மணிமொழி. கணக்குப் பாடத்தில் பாதியைப் பெஞ்சில் தலை கவிழ்ந்து தூங்கியே தொலைத்தாள். பரீட்சைக்கு விடியற்காலையில் குளிர்ந்த தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு படித்தாள். அந்த ஆளின் பெயர்ப்பலகையைப் பஸ்ஸிலிருந்து பார்த்தால்கூட இன்னமும் பல்லை நறநறவென்று கடிப்பாள்.

பூலாம்பாடி வீட்டில் அடுத்த வலிப்பு வந்தபோது அண்ணன் அறிவரசன்தான் வீடியோ எடுத்தான். தெளிந்த பிறகு வாங்கிப் பார்த்தாள். ஒரு நீலச் சேலை, அதற்குள் அம்மாவின் முதுகு. அவ்வளவுதான்.

“இதக் கொண்டுபோய்க் காட்டுனா முதுகுவலிக்கு மருந்து எழுதித் தருவாங்க,” என்றான் அறிவரசன்.

மணிமொழிக்குச் சிரிப்பு வரவில்லை. “எதுக்கும்மா மறைச்ச?”

“எவன் போனுக்குப் போவும்னு யாரு கண்டா? நாளைக்கு உன்னப் பாக்க வர்றவன் கையில அந்தப் படம் இருந்தா?”

“இருக்கட்டும். பாத்துட்டு வர்றவன் வரட்டும்.”

“இரும்பு குடுக்காம நிக்காதுடி.”

“அது தானா நிக்கிதும்மா. நீ கரண்டியக் குடுத்தாலும் நிக்கும், கத்திரிக்காயக் குடுத்தாலும் நிக்கும்.”

வீரம்மாள் கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தாள். மக்காச்சோளக் கொல்லையில் மகளுக்கு முதன்முதலாக வந்த அன்று, களை கொத்திக்கொண்டிருந்தவள் ஓடி வந்து, தன் இரும்புக் களைக்கொட்டை அவள் கையில் திணித்தாள். அன்றும் நின்றது. “அப்ப இத்தன வருசம் நான் செஞ்சது?”

“ஒண்ணும் செய்யல. டாக்டர் பாக்க வேண்டியத மறைச்ச.”

சொன்னது சொன்னதுதான். மணிமொழி திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. வீரம்மாள் சோறு போட்டுவிட்டு, சாவிக்கொத்தை ஆணியில் மாட்டினாள்.

அரியலூரில் சித்தி மகளுக்கு வளைகாப்பு. முடிந்து இருவரும் பெரம்பலூர் பஸ்ஸுக்கு நின்றிருந்தார்கள். சிமெண்ட் லாரிகள் கிளப்பிவிட்ட புழுதிக்கு நடுவே ரப்பர் கருகியது. அம்மாவின் கையில் போனைத் திணித்தது வரைதான் மணிமொழிக்கு நினைவிருந்தது.

தெளிந்தபோது சுற்றிலும் கூட்டம். வாயெல்லாம் கசப்பு. அம்மா கைக்கெட்டாத தூரத்தில், போனை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு நின்றாள். மூக்கு ஒழுகியதைக்கூடத் துடைக்கவில்லை.

“புள்ள அந்தப் பாடு படுது, இது படம் புடிச்சிக்கிட்டு நிக்கிது. நீயெல்லாம் ஒரு தாயா?” என்றான் பைக் சாவி வைத்திருந்த ஒருவன். வீரம்மாள் அவனைப் பார்க்கவே இல்லை. மகளைக் கைத்தாங்கலாகப் பஸ்ஸில் ஏற்றினாள்.

ஜன்னலோரம் உட்கார்ந்து மணிமொழி போனைத் திறந்தாள். வலிப்பு நேரத்துத் தன் முகத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். கண் திறந்திருந்தது, உள்ளே ஆளில்லை. வாய் வெறுமனே மென்றது. வலது கை துப்பட்டாவைப் பிய்த்துப் பிய்த்து எடுத்தது. இடது கை முறுக்கிக்கொண்டு விறைத்து உயர்ந்தது. வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்கள் முழங்கையை நோக்கிச் சரிந்தன.

படம் ஆடியது. பைக் சாவியோடு ஒரு கை குறுக்கே வந்தது. அம்மாவின் கை அதைத் தட்டிவிட்டது.

“தொடாத. டாக்டரு பாக்கணும்.”

“கிறுக்குப் பொம்பளயா இருக்கே.”

“கிறுக்குதான். கைய எடு.” உடனே தாழ்ந்த குரலில், “அம்மா தொடலடி. அம்மா தொடவே இல்ல.”

மணிமொழி மறுபடி ஓடவிட்டாள். கேட்டிருந்தால் இத்தனை வருஷமும் இந்த இடது கை பதில் சொல்லியிருக்கும். பெரம்பலூர் டாக்டர் கேட்கவே இல்லை, அம்மா அதில் கரண்டியைத் திணித்தாள். கண்ணீர் வந்தது. கோபத்தில் வந்ததுதான், துடைத்துவிட்டு டாக்டரம்மாவுக்கு அனுப்பினாள்.

பஸ் டவுனைத் தாண்டும்முன் பதில் வந்தது. ‘தெளிவா இருக்கு. இது நல்ல துப்பு. அட்மிஷனுக்கு நானே சொல்லி வைக்கிறேன். எடுத்தவங்க கை நல்ல கை.’

படித்துக் காட்டினாள். வீரம்மாள் அப்போதுதான் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

“அந்தப் பெரம்பலூர்க்காரன் நம்பர் இருக்காடி?”

“எதுக்கு?”

“அவனுக்கும் அனுப்பு. கீழ விழலன்னான்ல. பாக்கட்டும்.”