தெகிவளைப் பாலத்தருகே மூடிய இடைவெளி

யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை மூடப்பட்டிருந்த காலம் அது. ஊருக்குப் போக வேண்டியவர்கள் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியைப் பெற்று, இரத்மலானையிலிருந்து புறப்படும் சிறு விமானத்தில் ஓர் இடத்துக்காகக் காத்திருக்க வேண்டும். நேசமலருக்கு அந்த இடம் அன்று காலைக்குக் கிடைத்திருந்தது. உரும்பிராயில் அவளுடைய தாயார் இறுதிக் கட்டத்தில் இருந்தார். நினைவு திரும்பும்போதெல்லாம், "மலர் வந்திட்டாளோ?" என்று கேட்பதாகச் செய்தி வந்திருந்தது.

கணவர் யோகநாதன் காரைச் செலுத்தினார். அவர் வீதிப் பொறியியலாளர். முன்னே செல்லும் வாகனத்துக்கும் தமக்குமிடையே போதிய வெளி விட்டுச் செல்வது அவருடைய மாறாத வழக்கம். வெள்ளவத்தைச் சந்தையைத் தாண்டியதும் முச்சக்கர வண்டியொன்று அவ்வெளிக்குள் நுழைந்தது. அவர் மீண்டும் பின்தங்கினார். இன்னொன்று நுழைந்தது.

"உங்கட இடைவெளிக்குள்ளால ஒரு கலியாண ஊர்வலமே போயிடும்," என்றாள் பக்கத்திலிருந்த நேசமலர்.

"போகட்டுமன். முட்டிக்கொண்டு போனா நான் அடிக்கடி பிரேக் அடிக்கவேணும். நான் அடிச்சா பின்னுக்கு வாறவனும் அடிப்பான். கடைசியில பம்பலப்பிட்டியில நிக்கிறவன், ஏன் நிக்கிறனெண்டு தெரியாமலே நிப்பான்."

"பம்பலப்பிட்டிக்காரன்ர அம்மாவே சாகக் கிடக்கிறா?"

கார் மெதுவாக, ஆயினும் எங்கும் நில்லாது சென்றுகொண்டிருந்தது. நேரமும் போதுமாகவே இருந்தது.

பாலத்தருகே காவலரண் தென்பட்டது. அவர்களுடைய தொடர்மாடியில் வசித்த அருந்ததியின் மருமகன், முந்திய வாரம் அவ்விடத்தில் அடையாள அட்டையைத் தேடுவதற்காக முன்வாகனத்திலிருந்து சற்றுப் பின்தங்கினான். அவன் தயங்குகிறான் என்று கருதிப் பிடித்துச் சென்றவர்கள், மறுநாள்தான் விட்டார்கள். அன்றுமுதல் அத்தொடர்மாடித் தமிழர்கள் தமக்குள் ஒரு விதி வகுத்துக்கொண்டனர்: காவலரண் முன்னே இடைவெளி விடலாகாது, முன்வாகனத்தை ஒட்டியே செல்ல வேண்டும்.

"அங்க பாருங்கோ, அந்த ஆமிக்காரன் எங்களையே பார்க்கிறான். கிட்டப் போங்கோ."

"மலர், லொறி எந்த நேரமும் நிக்கும்."

"இண்டைக்கு எங்களைப் பிடிச்சு வைச்சா அம்மான்ர முகத்தை நான் பார்க்கேலாது. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன், கிட்டப் போங்கோ."

அவள் உண்மையிலேயே கைகூப்பியிருந்தாள். யோகநாதன் இடைவெளியை மூடினார்.

முன்னே சென்றது வெற்றுத் தகரப் பீப்பாய்கள் ஏற்றிய லொறி. சிப்பாய் கையை உயர்த்தினான். லொறி சட்டென்று நின்றது. கார் அதன் பின்புறத்தில் மோதியது. மோதல் பெரிதன்று. ஆனால் பீப்பாய்கள் ஒன்றோடொன்று இடித்து எழுப்பிய ஓசை குண்டு வெடித்தாற்போல் இருந்தது.

சிப்பாய்கள் மணல்மூட்டைகளுக்குப் பின்னே பாய்ந்தனர். துப்பாக்கிகள் காரை நோக்கித் திரும்பின.

"பஹின்ன! பஹின்ன!" என்று, இறங்கும்படி சிங்களத்தில் கத்தினார்கள்.

இருவரும் கைகளை உயர்த்தியபடி இறங்கினர். வீதி இருபுறமும் அடைக்கப்பட்டது. விமான அனுமதியைக் காட்டுவதற்காக நேசமலர் கைப்பையைத் திறக்க முயன்றாள். கையை மேலே வைக்கும்படி அதட்டினார்கள். ஆசனங்கள் கழற்றப்பட்டன. தாயாருக்கென்று எடுத்துவந்த புதுச் சேலை வீதியோரத்தில் விரித்துப் பார்க்கப்பட்டது. பின்னால் வெள்ளவத்தை வரையில் ஹோர்ன்கள் அலறின. அவ்வொலி எவ்வளவு தூரம் நீளுமென்று யோகநாதன் அறிவார்.

தெற்கே, இரத்மலானைப் பக்கமிருந்து எழுந்த சிறு விமானமொன்று கடற்பக்கமாக வளைந்து, வடக்கு நோக்கிச் சென்றது. நேசமலர் உயர்த்திய கைகளை இறக்காமலே அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நெடுநேரத்தின்பின் அடையாள அட்டைகளைத் திருப்பிக் கொடுத்த அதிகாரி, போகலாமெனக் கையசைத்தார். லொறி முன்னரே போய்விட்டிருந்தது.

"காரை வீட்டுப் பக்கம் திருப்புங்கோ," என்றாள் அவள்.

"திருப்ப விடமாட்டாங்கள். நேராத்தான் போகவேணும்."

பாலத்துக்கு அப்பால், இரத்மலானைப் பக்கமாக, ஒரு வாகனமேனும் இல்லாத வீதி வெறிச்சோடிக் கிடந்தது. பின்னால் நின்றவர்கள் பொறுமையிழந்து ஹோர்ன் அடித்தனர். யோகநாதன் காரை மெல்ல நகர்த்தினார். நேசமலர் மண் படிந்த சேலையை மடியில் வைத்து, பழைய மடிப்புகளின்படியே மடிக்கத் தொடங்கினாள்.