முப்பத்திரண்டு கெஜம்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் பயிற்சி மைதானத்தின் கோல் கோட்டில் ஒரு நைலான் கயிற்றின் நுனியை இடது காலால் மிதித்துக்கொண்டு நின்றேன். மீதிக் கயிற்றின் சுருள் டைரக்டரின் கையில் இருந்தது. டேன்ரிட்ஜ் கல்லூரியின் விளையாட்டுத் துறைக்கே தலைவி, ஷெரெல் ஹாலிஃபீல்ட், நாற்பத்தொரு வயது, ஒரு காலத்தில் நானூறு மீட்டரில் இந்த மாநிலத்தையே பின்னால் ஓடவிட்டவள், பனி ஈரம் காயாத புல்லில் கயிற்றை இழுத்துக்கொண்டு நடந்தாள். எங்களிடம் அளவுநாடா இல்லாமல் இல்லை. ஆனால் அமெரிக்க ஃபுட்பால் மைதானத்தைவிட நேர்மையான அளவுகோல் இந்த ஊரில் வேறு எது? ஐந்து கெஜத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு, பத்து கெஜத்துக்கு ஒரு எண். அந்தக் கோடுகளை இருபத்தாறு வருடமாக ஆள் வைத்துப் போடுகிறவள் நான்தான். அதில் ஒரு அங்குலம் தவறினாலும் என் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

இருபத்தைந்தாம் கெஜக் கோட்டில் டைரக்டர் நின்றுவிட்டாள்.

“மிஸ் வெர்டீன், இங்க ஒரு டேப் சுத்திடுங்க. போதும்.”

“அரங்கத்தோட படத்துல முப்பத்திரண்டு கெஜம்ல இருக்கு?”

“ஜனங்க உட்கார்ற படிக்கட்டோட உச்சி எழுபத்தஞ்சு அடிதான். அதுக்கு மேல பத்திரிகைக்காரங்க உட்கார்ற மாடம். அது இன்னும் முடிவாகல.”

“முடிவாகாத மாடத்த படத்துல எதுக்கு வரைஞ்சாங்க?”

அவள் குனிந்து ஷூ கயிற்றை இறுக்கினாள். அது ஏற்கெனவே இறுக்கமாகத்தான் இருந்தது. வயதில் எனக்கு மகள் மாதிரி, பதவியில் எனக்கு மேலே. இந்த இரண்டு வருடத்தில் அவள் எத்தனை கூட்டத்தில் தனியாக நின்று பேசினாள், எத்தனை பேர் ‘பொம்பளைக்கு ஃபுட்பாலைப் பத்தி என்ன தெரியும்’ என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அதனால் வாயை மூடிக்கொண்டேன். இருபத்தைந்தில் ஆரஞ்சு டேப் சுற்றினேன். அவள் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பியதும் மீதிக் கயிற்றை நீட்டிக்கொண்டு முப்பத்திரண்டு வரை நடந்துபோய் அங்கேயும் ஒன்று சுற்றினேன். ஏன் சுற்றினாய் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

விஷயம் இதுதான். கல்லூரிக்கு உள்ளேயே சொந்தமாக ஒரு ஃபுட்பால் அரங்கம் கட்டலாமா என்று செவ்வாய்க்கிழமை நகரத் திட்டக்குழு வாக்கெடுக்கப் போகிறது. அதற்கு முன்னால், கட்டடம் எவ்வளவு உயரம் வருமோ அவ்வளவு உயரத்துக்கு ஒரு பலூனைப் பறக்கவிட்டு அக்கம்பக்கத்தாருக்குக் காட்ட வேண்டும். அது இந்த ஊர் வழக்கம். படத்தையும் புள்ளிவிவரத்தையும் யாரும் நம்புவதில்லை. பலூனை நிமிர்ந்து பார்த்தால் கழுத்து வலி சொல்லிவிடும் உயரத்தை. பத்து மணிக்கு, அரங்கம் வரப்போகிற சி பார்க்கிங்கில் பலூன் ஏற வேண்டும். கயிறு என் பொறுப்பு.

கயிறு என்றாலே கல்லூரியில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். காரணம் இருக்கிறது. எங்கள் அணி சொந்த ஊரில் ஆடும் ஆட்டம் என்று சொல்லிக்கொள்வதெல்லாம் பதினோரு மைல் தள்ளி, நகரசபையின் வாடகை மைதானத்தில். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு லாரிச் சாமான். ஐஸ் தொட்டி, மருத்துவ மேஜை, தலைக்கவசப் பெட்டி, பயிற்சியாளர்களின் ஒலிக்கருவி, கொடி, தண்ணீர். சுவரில் வேறொரு அணியின் சின்னம் வரைந்திருக்கும். அதன்மேல் எங்கள் சின்னம் செம்பருந்து போட்ட துணியைக் கட்டி மறைக்க வேண்டும். ஆணி அடிக்கக்கூடாது, பசை ஒட்டக்கூடாது, கயிறு மட்டும்தான். ‘எங்கள் வீட்டுக்கு வந்து பார்’ என்று அந்தத் துணியில் முழ உயர எழுத்தில் எழுதியிருக்கும். அதை வாடகை வீட்டுச் சுவரில் கட்டும்போதெல்லாம் எனக்கு முகம் சூடாகும். பழைய மாணவர்கள் வருடத்துக்கு ஒருமுறை ஊர் திரும்பும் வாரத்தில், நாலு மாநிலம் தாண்டிக் கல்லூரிக்கு வந்தவர்களை மறுபடியும் காரில் ஏற்றிப் பதினோரு மைல் அனுப்புகிறோம். ஓய்வு பெறுவதற்குள் ஒரே ஒரு ஆட்டம், சாமான்களைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு நடந்தே போய்ச் சேரும் ஒரே ஒரு ஆட்டம், நான் பார்த்துவிட வேண்டும். இந்த வயதில் எனக்கு இருக்கிற பேராசை அது ஒன்றுதான்.

எட்டரைக்கு வீட்டுக்கு வந்தேன். வீடு சி பார்க்கிங்குக்கு எதிரிலேயே, தெருவைத் தாண்டினால் வாசல். புல்வெளியில் இரண்டு பலகை நிற்கின்றன. ‘இங்கேயே கட்டு’ என்பது என்னுடையது. ‘அரங்கம் வேண்டாம்’ என்பது என் கணவன் லூசியஸுடையது. தெருக்காரர் சங்கத்துக்குத் தலைவனும் அவன்தான். முப்பது வருடம் தபால்காரனாக இருந்தவன், இந்தத் தெருவில் நாய்கள்கூட அவன் பேச்சைக் கேட்கும். என் பலகையைவிட அவனுடையது நாலு விரல் உயரம். வேண்டுமென்றே செய்தது.

அடுப்பில் சோளக்கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்துச் சட்டியில் சாசேஜ்.

“வாங்க அம்மணி, அரங்கம் கட்டியாச்சா?” என்றான் லூசியஸ்.

“அஸ்திவாரம் தோண்டறதுக்கு ஆள் பத்தல. ஓய்வுபெற்ற போஸ்ட்மேன் யாராச்சும் சும்மா இருக்காரான்னு பார்க்க வந்தேன்.”

“நான் சும்மா இல்லியே. உன் காலேஜ எதிர்க்கறதே எனக்கு முழுநேர வேலையா இருக்கு.”

தட்டில் கஞ்சியை ஊற்றி, மேலே வெண்ணெய் வைத்து, என் பக்கம் தள்ளினான். எதிரணி என்றாலும் வெண்ணெயில் குறை வைக்க மாட்டான். அவன் உட்காரும் நாற்காலிக்கு நேரே ஜன்னல். காலை வெயில் பார்க்கிங்கைத் தாண்டி வந்து அவன் காப்பிக் கோப்பைமேல் விழுந்திருந்தது. அரங்கம் வந்தால் இந்த வெயில் குளிர்காலத்தில் பத்து மணிக்கு மேல்தான் வரும். அவன் அதைப் பற்றி ஒரு கூட்டத்திலும் பேசியதில்லை. அவன் பேசியதெல்லாம் ஆல்டர் தெருவைப் பற்றி.

ஆல்டர் தெரு இருந்த இடம்தான் சி பார்க்கிங். பதினான்கு வீடுகள். லூசியஸுக்கு எட்டு வயதாக இருந்தபோது, நூலகம் கட்டுகிறோம், உங்கள் பிள்ளைகள் படிக்கத்தானே என்று சொல்லி கல்லூரி அந்தப் பதினான்கையும் வாங்கி இடித்தது. பிறகு தார் ஊற்றி, கார் நிறுத்த மஞ்சள் கோடு போட்டது. அவ்வளவுதான், நூலகம் வரவேயில்லை. இப்போது மூன்றாவது விளக்குக் கம்பம் நிற்கிற இடத்தில் லூசியஸ் வீட்டு அடுக்களை இருந்தது. அவன் அப்பா சாகும்வரை அந்தக் கம்பத்தைத் தாண்டும்போது தொப்பியைக் கழற்றுவார்.

“இன்னைக்கு யாரு பலூன் விடறது? அந்த இன்ஜினியரா?” என்று கேட்டான்.

“நான்தான்.”

“கயிறு?”

“கயிறும் நான்தான்.”

கரண்டியைக் கீழே வைத்தான். “நம்ம தெரு ஜெனீவா அளவுநாடா கொண்டுவரேன்னா. கிழவன் டோபியாஸ் கயித்தைக் கீழே போட்டு அடி அடியா அளக்கணும்னு குதிச்சான். வெர்டீன் பிடிக்கிற கயிறுன்னா அளக்க வேண்டாம்னு சொல்லிடறேன்.”

“எதுக்கு? அளக்கட்டுமே.”

“முப்பத்தஞ்சு வருஷமா உன்கூட சண்டை போடறேன். ஒரு பொய் சொல்லி நீ ஜெயிச்சதில்ல. அளக்கறது உனக்கு அவமானம், எனக்கும் அவமானம்.”

சொல்லிவிட்டு அவன் பாட்டுக்குச் சாப்பிட்டான். நான் வெண்ணெயைக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தேன்.

பத்து மணிக்கு சி பார்க்கிங்கில் அறுபது எழுபது பேர் கூடிவிட்டார்கள். தெருக்காரர்கள் மடக்கு நாற்காலியோடு வந்திருந்தார்கள். ஜெனீவா சர்ச்சுக்குப் போகும் தொப்பி போட்டிருந்தாள். திட்டக்குழுவிலிருந்து ஒரு பெண் கையில் குறிப்பேட்டோடு நின்றாள். பலூன் ஆளுயரம், செம்மஞ்சள் நிறம். வாயு ஏற ஏற அது தரையை விட்டுக் கிளம்பத் துடித்தது. நான் தோல் கையுறையை மாட்டிக்கொண்டு கயிற்றை விட ஆரம்பித்தேன்.

கயிறு உள்ளங்கை வழியாக ஓடியது. பலூன் மரத்துக்கு மேல் ஏறியது, கல்லூரி மணிக்கூண்டின் கழுத்துக்கு வந்தது. முதல் ஆரஞ்சு டேப் என் கையில் தட்டியது. இருபத்தைந்து கெஜம். நிறுத்திப் பிடித்தேன்.

“இவ்வளவுதானா?” என்றாள் ஜெனீவா. “நான் என்னமோ வானத்த மறைக்கப்போறாங்கன்னு நினைச்சேன்.”

“என் பெக்கான் மரம் இதவிட உசரம்யா” என்றார் டோபியாஸ்.

சிலர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பகை இல்லை. குறிப்பேட்டுப் பெண் எழுத ஆரம்பித்தாள். டைரக்டரின் தோள் ஒரு அங்குலம் இறங்கியது, இரண்டு வருடத்தில் முதல்முறையாக அவள் மூச்சு விடுவதைப் பார்க்கிறேன். லூசியஸ்கூட இடுப்பில் கை வைத்து, தலையைச் சாய்த்து, பரவாயில்லை என்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமை வாக்கெடுப்பு அந்த நிமிடமே எங்கள் பக்கம் சாய்ந்துவிட்டது. எனக்கு அது நன்றாகவே தெரிந்தது. தள்ளுவண்டியில் ஐஸ் தொட்டியை உருட்டிக்கொண்டு நான் போவது கண்ணில் தெரிந்தது. கயிற்றை இப்படியே நாலு நிமிடம் பிடித்துக்கொண்டிருந்தால் போதும்.

லூசியஸ் என்னைப் பார்த்துத்தான் கேட்டான். டைரக்டரைப் பார்த்து அல்ல.

“எவ்வளவு அடி, வெர்டீன்?”

டைரக்டர் கையிலிருந்த காகிதத்தைத் தூக்கினாள். எழுபத்தைந்து என்று அதில் அச்சடித்திருந்தது, படிக்கட்டின் உயரம் என்று கீழே சின்ன எழுத்தில்.

எனக்குக் கோபம் வந்தது. டைரக்டர்மேல் இல்லை. இருபத்தாறு வருடம் அடுத்தவன் சுவரில் கயிறு கட்டிப் பிழைத்துவிட்டு, கடைசியில் சொந்தமாக ஒரு சுவர் வரும்போது அதன் உயரத்தைச் சொல்ல வெட்கப்படுகிறோமே என்று வந்த கோபம். அரங்கம்தானே கட்டுகிறோம், திருட்டு வீடா கட்டுகிறோம்?

“இன்னும் முடியல” என்றேன் உரக்க. “கயிறு இன்னும் இருக்கு.”

டைரக்டர் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என் வேலையே போய்விடலாம் என்று தோன்றியது. போகட்டும் என்றும் தோன்றியது. பிறகு அவள் மெல்ல நிமிர்ந்து பலூனைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், காகிதத்தை நாலாக மடித்துப் பையில் போட்டாள். நடந்துவந்து என் கைக்கு மேலே கயிற்றைப் பிடித்தாள். கையுறைகூட இல்லை.

“விடுங்க மிஸ் வெர்டீன். உச்சி வரைக்கும் விடுங்க.”

இரண்டு பேருமாக விட்டோம். பலூன் மணிக்கூண்டைத் தாண்டிற்று. இரண்டாவது டேப் அவள் வெறுங்கையில் வந்து நின்றது.

“தொண்ணூத்தாறு அடி” என்றாள் டைரக்டர், கூட்டத்தில் கடைசி நாற்காலிக்கும் கேட்கும்படி. “முதல்ல நான் காட்டச் சொன்னது எழுபத்தஞ்சு. அது படிக்கட்டு மட்டும். அப்படிக் காட்டச் சொன்னது என் தப்பு, மிஸ் வெர்டீனோடது இல்ல. நாலு மூலையில விளக்குக் கம்பம் வரும், அது இதுக்கும் மேல நாப்பது அடி. ஆட்டம் இருக்கிற சனிக்கிழமை உங்க தெருவுல கார் நிறுத்த இடம் இருக்காது. சத்தம் வரும். பாண்டு வாத்தியம் உங்க ஜன்னல் கண்ணாடிய ஆட்டும். இத்தனையும் தெரிஞ்சுதான் கேக்கறேன், எங்களுக்கு எங்க வீட்லயே ஆட இடம் கொடுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. ஜெனீவா தொப்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். குறிப்பேட்டுப் பெண் எழுதியதை அடித்துவிட்டு மறுபடி எழுதினாள். கையில் இருந்த வெற்றி போய்விட்டது என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் என் கழுத்து நேராக நின்றது. இருபத்தாறு வருடத்தில் இந்தக் கல்லூரியின் சட்டையை நான் இவ்வளவு பெருமையாகப் போட்டுக்கொண்டு நின்றதில்லை. பக்கத்தில் நிற்கிறவளை நினைத்தும் அவ்வளவு பெருமை. அவள் உள்ளங்கையில் கயிறு அறுத்துச் சிவந்திருந்தது.

காற்று கிளம்பியது. பலூன் மேற்கே இழுத்தது, கயிறு எங்கள் இருவரையும் ஒரு அடி நகர்த்தியது. லூசியஸ் கூட்டத்திலிருந்து பிரிந்து வந்தான். நேராக வராமல் சுற்றிக்கொண்டு மூன்றாவது கம்பத்தருகே ஒரு கணம் நின்று, மேலே பார்த்துவிட்டு வந்தான். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து டைரக்டரிடம் கொடுத்தான். கயிற்றில் அவள் விட்ட இடத்தில் தன் கையை வைத்தான்.

“எங்க அடுக்களைக்கு மேல தொண்ணூத்தாறு அடி” என்றான். “எங்கப்பா இருந்திருந்தா கழுத்து சுளுக்கியிருக்கும்.”

“கோபமா?”

“பலகைய எடுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.”

“யாரு எடுக்கச் சொன்னா?”

“இந்த இடத்துல நின்னு இந்தக் காலேஜ் ஒரு நிஜம் சொல்லிக் கேட்டது இதான் முதல் தடவ.” அவன் கயிற்றைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டான். “செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு என் கார்லயே வா. உன் பக்கம் பேசுவேனான்னு கேக்காதே, தெரியாது.”

கயிறு விம்மி விம்மி இழுத்தது, நாலு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றோம். பலூனின் நிழல் தெருவைத் தாண்டி எங்கள் புல்வெளியில் போய் விழுந்திருந்தது. காற்றுக்குத் தக்கபடி என் பலகைமேல் கொஞ்ச நேரம், அவன் பலகைமேல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு காற்று அடங்கி, இரண்டையும் ஒன்றாக மூடிக்கொண்டு அசையாமல் கிடந்தது.