நீல ஸ்டிக்கர்

சாவு வீட்டுக்கு வருகிறவர்கள் முன்பெல்லாம் எப்படிப் போனாள் என்று கேட்பார்கள். இப்போது எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். இதே நெம்மேலியில் பிறந்து ஊரப்பாக்கத்துக்குக் குடிபோன ஒருவன் காலையில் போன் செய்து லொகேஷன் அனுப்பச் சொன்னான். வந்தவன் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. ஐஸ் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தான், வாட்சைப் பார்த்தான்.

"எப்போ மாமா எடுக்கறீங்க?"

"எடுக்கல" என்றார் பெஞ்சமின்.

பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, பெட்டியின் கால்மாட்டில் அதை எடுக்கும் வழியை அடைத்தாற்போலப் போட்டு உட்கார்ந்திருந்தார். அவரைத் தூக்காமல் பெட்டியைத் தூக்க முடியாது. உள்ளே அவர் மனைவி ரூத் வெள்ளைப் புடவையில் கிடந்தாள். விடியற்காலையில் சளி அடைத்துப் போய்விட்டாள்.

மகன் ஜோயல் குனிந்து காதருகே பேசினான். "நைனா, பாஸ்டர் கேக்கறாரு. பள்ளம் வெட்டியாச்சு. ஜனம் வெயில்ல நின்னுகினு கீது."

"நிக்கட்டும். செங்கல்பட்டுலேர்ந்து அந்தப் பொண்ணு வரட்டும். ஒன்னு கேக்கணும். அதுக்கப்புறம் உங்கம்மா போவா."

"இன்னா கேக்கப்போற?"

"கரண்டு இருந்திச்சா இல்லயான்னு."

ஜோயல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நகர்ந்தான். இந்தக் கேள்வி அந்த வீட்டில் பழையது.

போன வருஷம் அணுபுரத்தில் வேலை முடிந்து ரூத் வந்த ஷேர் ஆட்டோ கவிழ்ந்தது. மற்றவர்கள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். அவளுக்குக் கழுத்து எலும்பு நகர்ந்து, உள்ளே போகிற தண்டுவடம் நசுங்கிவிட்டது. தோள் அசைந்தது, முழங்கை கொஞ்சம் மடங்கியது. விரல்களும் கால்களும் அசையவில்லை. அறுவை செய்த டாக்டர்தான் செங்கல்பட்டு மறுவாழ்வு மையத்துக்கு அனுப்பினார். அங்கே ஓர் ஆராய்ச்சி நடந்தது. பின்கழுத்தில் இரண்டு பட்டை ஒட்டி மெல்லிய கரண்டு விடுவார்கள். அது ஓடும்போதே தட்டிலிருக்கும் மொச்சைக் கொட்டையைப் பொறுக்க முயல வேண்டும். அப்படிச் செய்தால் தூங்குகிற நரம்பு எழுந்திருக்குமா என்று பார்க்கிறார்களாம்.

நீல ஸ்டிக்கர் ஒட்டிய மிஷின் ஒன்று, மஞ்சள் ஒட்டியது ஒன்று. ஒன்றில்தான் நிஜக் கரண்டு. மற்றதில் முதலில் லேசாகச் சுருக்கென்று இருக்கும், பிறகு விளக்கு மட்டும் எரியும். எது எதுவென்று வைத்தியம் செய்கிறவர்களுக்கே தெரியாது. முதல் நாளே பயிற்சி கொடுக்கிற கீர்த்தனா இதை நிதானமாகச் சொன்னாள்.

"அப்போ பாதி பேர ஏமாத்தறீங்க" என்றார் பெஞ்சமின்.

"சொல்லிட்டுத்தானே ஐயா செய்யறோம்."

"சொல்லிட்டு ஏமாத்தறீங்க."

ரூத்துக்குச் சிரிப்பு வந்தது. "செத்தா இவரு பொதைக்கத்தான் போறாரு, கரண்டுல எரிக்க மாட்டாரு. உசுரோட கீறப்போ ஒருவாட்டி கரண்டு வச்சிதான் பாக்கட்டுமே" என்றாள். அவளுக்கு நீல ஸ்டிக்கர் விழுந்தது.

வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். அவரும் கூடப் போவார். வீட்டில் காலையும் சாயங்காலமும் தேங்காய் எண்ணெய் போட்டு அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி நிமிர்த்துவார். ஒருநாள் நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தபோது சேனல் தானாக மாறியது. திரும்பினார். ரிமோட் அவள் மடியில் இருந்தது. கட்டைவிரல் அதன் மேல் இருந்தது.

"எவ்ளோ நேரம் அதே மூஞ்சியப் பாக்கறது" என்றாள்.

அவர் எழுந்து வெளியே போய்க் குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினார்.

அன்றிலிருந்துதான் அந்தக் கேள்வி. மிஷின் நிஜமென்றால் சரி, போனதற்கு ஒரு விரல் வந்தது. வெற்று மிஷின் என்றால் அந்த ஏ.சி. ரூமுக்கு எதற்குப் போனாள்? அங்கேதான் சளி பிடித்தது என்பது அவர் முடிவு. இல்லை, படுத்தே இருப்பவர்களுக்கு நுரையீரலில் சளி கட்டும் என்று டாக்டர் சொன்னார். டாக்டர்கள் எதையாவது சொல்வார்கள்.

மையத்து வேன் தெருமுனையில் நின்றது. கீர்த்தனா மாலையோடு இறங்கினாள். பின்னாலேயே சரிவுப் பலகையில் ஒரு சக்கர நாற்காலியும் இறங்கியது. மாமல்லபுரத்தில் பை கடை வைத்திருக்கும் ஜாவித். கடலில் தலைகீழாகப் பாய்ந்து மணல் திட்டில் மோதிக் கழுத்து ஒடிந்தவன். ரூத்துக்கு மிஷினைக் கழற்றியதும் அடுத்து அவனுக்குத்தான் மாட்டுவார்கள். அவன் அம்மா ஷரீபுன்னிசா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். பின்னால் கூட்டம் மூடிக்கொண்டது.

கீர்த்தனா மாலையை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது பெஞ்சமின் கேட்டார்.

"நீலத்துல கரண்டு இருந்திச்சா?"

"எனக்குத் தெரியாது ஐயா. சத்தியமா."

"தெரிஞ்சவனுக்குப் போன் போடு."

பாஸ்டர் முன்னால் வந்தார். "பெஞ்சமின், இது அதுக்கான நேரமா?"

"வேற எந்த நேரம் பாஸ்டர்? மண்ணப் போட்டப்புறம் எவன் எனக்குப் பதில் சொல்லுவான்?"

கீர்த்தனா, ஆராய்ச்சியை நடத்தும் டாக்டர் ஜானகிராமனுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். டாக்டர் வருத்தம் சொன்னார். ரகசியம் வேறு ஊரில் ஒரு தனிக் கமிட்டியிடம் இருக்கிறது, ஆராய்ச்சி முடிந்ததும் எல்லாக் குடும்பத்துக்கும் சொல்வோம் என்றார்.

"நான் ஐஸ் பெட்டியோட வண்டி வச்சி உங்க கேட்டாண்ட வந்துடுவேன் சார். மெரட்டல. செய்யப்போறதச் சொல்றேன்."

டாக்டர், "சரி, கமிட்டியில கேக்கறேன். ஒத்துக்கிட்டா நானே கூப்பிடறேன்" என்றார்.

கீர்த்தனா போனை அவர் நாற்காலியின் கைப்பிடியில் வைத்தாள். "நான் தெருமுனைக்குப் போயிடறேன் ஐயா. எனக்குத் தெரியக் கூடாது."

"ஏன்?"

"எல்லாரோட விரலையும் அளக்கறது நான். எது நிஜம்னு தெரிஞ்சா, அசையாததும் அசைஞ்ச மாதிரி என் கண்ணுக்குத் தெரியும்."

"தெரியாம கீறதுக்கு உனக்கு சம்பளம்."

"பாதி சம்பளம் அதுக்குத்தான் ஐயா" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

"ம்மா, என்னையும் தள்ளு" என்றான் ஜாவித். ஷரீபுன்னிசா திருப்பப் பார்த்தாள். கூட்டத்தில் சக்கரம் திரும்பவில்லை.

"நீ எங்க போற பாய்?" என்றார் பெஞ்சமின்.

"நானும் நீலம்தானே பெருசு."

பெஞ்சமின் அவனைப் பார்த்தார். இது அவருக்குத் தோன்றவே இல்லை.

"நல்லதாப் போச்சு. வெத்துன்னா நீ அலையாம வூட்ல கெடக்கலாம்."

"அதான் பயமே. வெத்துன்னு தெரிஞ்சா நான் போவ மாட்டேன். போனாத்தான் மொச்சக்கொட்ட பொறுக்கறேன். வூட்ல எவன் பொறுக்குவான்?" அவன் வலது கை மடியில் சுருண்டு கிடந்தது. "ரூத்தம்மாவுக்குக் கட்டவெரல் வந்திச்சுல்ல. எனக்கு ஆள்காட்டி வெரலு லேசா இழுக்குது. கடை சாவிய நானே திருப்பணும். அதுவரைக்கும் எனக்கு எதுவும் தெரிய வேணாம்."

"அது உன் வெரலு. எனக்கு என் பொண்டாட்டி விசயம் தெரியணும்."

"கேட்டுக்கோ. உன்ன யாரு வேணாம்னா? எங்கிட்ட சொல்லாத, அவ்ளோதான்."

"சொல்ல மாட்டேன்."

ஜாவித் சிரித்தான். "நீ சொல்லவே வேணாம் பெருசு. ரூத்தம்மா சொல்லும், எங்க வூட்டுக்காரரு மூஞ்சி கல்யாண போஸ்டரு மாதிரி, ரோட்டுக்கு அந்தாண்டலேர்ந்தே படிக்கலாம்னு."

ஷரீபுன்னிசா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு பெஞ்சமினின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் அடித்தது.

கைப்பிடியில் அது நடுங்கி நடுங்கி விளிம்புக்கு நகர்ந்தது. கூட்டத்தில் ஒருவரும் வாட்சைப் பார்க்கவில்லை. பெஞ்சமின் போனைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். கண்ணாடிக்குள் ஈரம் கட்டி ரூத்தின் முகம் சரியாகத் தெரியவில்லை. தோள் துண்டால் துடைத்தார். ஈரம் உள்பக்கம் இருந்தது.

"எடு நைனா" என்றான் ஜோயல்.

"நீ எடு. வேணாம்னு சொல்லு."

"இவ்ளோ நேரம்..."

"வேணான்னு சொல்லுடா."

ஜோயல் போனை எடுத்துக் காதில் வைத்து, "வேணாங்கறாரு சார்" என்றான். அந்தப் பக்கம் டாக்டர் ஏதோ கேட்டார். "தெரியல சார், வேணாங்கறாரு" என்று வைத்துவிட்டான்.

பெஞ்சமின் எழுந்து தன் நாற்காலியைத் தானே தூக்கிச் சுவரோரமாகப் போட்டார்.

"இன்னா பாத்துகினு கீறீங்க? தூக்குங்கடா."

கல்லறைத் தோட்டம் சவுக்குத் தோப்புக்கு அந்தப் பக்கம். பாஸ்டர் சுருக்கமாக முடித்தார். பெஞ்சமின் முதல் பிடி மண்ணைப் போட்டார். பிறகு மண்வெட்டியைப் பள்ளம் வெட்டிய ஆளிடமிருந்து வாங்கி, பள்ளம் மேடாகும்வரை அவரே தள்ளினார். யார் கேட்டும் கொடுக்கவில்லை.

வேன் வெளியே நின்றது. கீர்த்தனா அவருக்காகக் காத்திருந்தாள். "ரொம்ப நன்றி ஐயா. முடிஞ்சதும் உங்களுக்குத்தான் முதல்ல சொல்வோம்."

"சொல்ல மாட்டீங்க."

"சொல்வோம் ஐயா."

"சொன்னாலும், ஆமான்னுதான் சொல்லுவீங்க. உங்க மிஷினு வெத்துன்னு நீங்களே சொல்லுவீங்களா?"

அவர் அங்கே நிற்கவில்லை. வேனுக்குள் ஜாவித்தின் நாற்காலியைக் கொக்கி போட்டு மாட்டிக்கொண்டிருந்தார்கள். கதவருகே போய், "எப்போ வேன் வரும் உனக்கு?" என்று கேட்டார்.

"செவ்வாக்கெழம."

"போ. கரண்டு போடறானுங்களோ இல்லயோ, நீ பொறுக்கு. சளி கட்டிச்சின்னா மட்டும் போவாத. அவனுங்க வரச்சொல்வானுங்க. போவாத."

"சரி பெருசு."

அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வீட்டுக்குப் போகும் ரோட்டை விட்டு, கடற்கரைப் பக்கம் நடந்தார். ஜோயல் கூப்பிட்டது கேட்டது. பாஸ்டரும் கூப்பிட்டார். வேன் கிளம்பும்போது ஜன்னலிலிருந்து ஜாவித் கத்தினான்.

"பெருசு, இங்க பாரு. வெரலு. இப்போ இழுக்குது பாரு."

"பாத்தேன், பாத்தேன்" என்றார் பெஞ்சமின், திரும்பாமல் நடந்துகொண்டே.