மிருதுளாவின் வீட்டுப்பாடம் ஓசூர் போனது

ஆம்பூரில் அந்த நடுநிலைப்பள்ளியில் மாலை மணி அடித்ததும் முதலில் வீட்டுப்பாடங்கள்தான் வெளியே வரும். பிள்ளைகள் அதற்குப் பிறகு. பிள்ளைகள் ஐஸ் வண்டி பக்கத்தில் நிற்பார்கள், பையால் அடித்துக்கொள்வார்கள், ஊரைச் சுற்றிக்கொண்டு வீடு போய்ச் சேர்வார்கள். வீட்டுப்பாடத்துக்கு அந்தச் சோலியெல்லாம் கிடையாது. பதிவேட்டில் என்ன முகவரி இருக்கிறதோ அங்கே நேராகப் போய், வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துகொள்ளும்.

ஏழாம் வகுப்பு மிருதுளா ஆடி மாதமே அப்பாவோடு ஓசூருக்குப் போய்விட்டாள். அப்பாவும் அம்மாவும் பிரிந்தபோது, அங்கே பெரிய பள்ளி இருக்கிறது, கம்ப்யூட்டர் லேப் இருக்கிறது என்று பேசி முடிவானது. அம்மா தமயந்தியும் தலையாட்டினாள். ஆட்டிய தலையை அன்றிலிருந்து தினமும் திட்டிக்கொண்டிருக்கிறாள். மிருதுளாவின் அப்பா பள்ளிக்குப் போய் டி.சி. வாங்கினார், மார்க் ஷீட் வாங்கினார். அன்றைய வீட்டுப்பாடத்தை மட்டும் வாங்க மறந்துவிட்டார். அது வழக்கம்போல அம்மா வீட்டுக்கு வந்தது.

ஷூ கம்பெனியில் இடது காலையும் வலது காலையும் ஜோடி சேர்க்கும் வேலையை முடித்துவிட்டு ஐந்தரைக்குத் தமயந்தி வந்தபோது இரண்டு பேர் படியில் உட்கார்ந்திருந்தார்கள். ஆங்கிலம் ஒல்லி, கூச்ச சுபாவம், உள்ளே வா என்று மூன்று முறை சொன்னால்தான் எழுந்திருக்கும். வரலாறு நல்ல பருமன். கூப்பிடாமலே வந்து ஃபேனுக்கு நேராக உட்காரும்.

மறுநாள் தமயந்தி பள்ளிக்குப் போய்க் கேட்டாள். இரண்டு பாடத்தையும் எடுப்பது எஸ்தர் டீச்சர்தான்.

"டி.சி.யில எல்லாம் எழுதிக் குடுத்துட்டோம்மா. நடத்தை நன்று, கழுத்துல ஒரு மச்சம், முழங்கையில ஒரு தழும்பு. வீட்டுப்பாடத்த யாரும் கேக்கல. கேக்காத பொருள நாங்க குடுக்க முடியாது."

"இப்ப அது எங்க வீட்ல இருக்குது, டீச்சர்."

"முடிச்சு அனுப்புங்க. எல்லாம் சரியா இருந்தா அது பொண்ணுகிட்ட போயிடும். ஒரு தப்பு இருந்தாலும் பத்து தடவ இம்போசிஷன். மறுநாள் திரும்ப வரும்."

டீச்சர் இதைக் கண்டிப்பாகத்தான் சொன்னார். தமயந்தி காதில் அது வரமாக விழுந்தது.

அன்று மாலை முதலாம் பானிப்பட் போர் நடந்த ஆண்டை 1625 என்று எழுதினாள். மறுநாள் இரண்டும் திரும்பி வந்தன. 1526, 1526 என்று பத்து முறை எழுதி, அந்தச் சந்தோஷத்திலேயே அக்பரைப் பாபரின் மகனாக்கினாள். அதற்கு மறுநாள் அந்தக் குடும்பத்தைச் சரிசெய்துவிட்டு ஆங்கிலத்தில் கைவைத்தாள். ஒரு நாளைக்கு ஒரு தப்பு, அதற்கு மேல் இல்லை. சோற்றுக்கு உப்புப் போடுகிற மாதிரி அளவாகப் போட்டாள். ஆங்கிலத்துக்குப் பால் பிடிக்கும், வரலாற்றுக்கு வேர்க்கடலை. மிருதுளா தின்பதுபோலவே வரலாறு தோலைத் தரையெல்லாம் இறைக்கும். தமயந்தி திட்டிக்கொண்டே பெருக்குவாள். வீட்டில் திட்டுவதற்கு ஆள் இருந்தது.

இப்படியே புரட்டாசி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மிருதுளா போன் செய்வாள். சாப்பிட்டியா என்றால் "ம்". ஸ்கூல் எப்படி என்றால் "ம்". தமயந்தி அந்த "ம்"களை வைத்துக்கொண்டு ஒரு வாரத்தை ஓட்டுவாள். அந்த ஞாயிறு மட்டும் பிள்ளை தானாகப் பேசினாள்.

"கை நோவுதும்மா."

"எந்தக் கை?"

"எழுதுற கை. இங்க நான் ஒண்ணும் எழுதுறதே இல்ல. சாயங்காலம் ஆனா நோவுது."

தமயந்தி போனை மறு காதுக்கு மாற்றினாள். பிறகு கேட்டாள். "எத்தனி தடவ எழுதுன மாதிரி நோவுது?"

"பத்து தடவ."

இரண்டரை மாதமாகத் தன் ஆசைக்காகப் பிள்ளையின் விரலை ஒடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

திங்கட்கிழமை இரண்டையும் குளிப்பாட்டித் தலை சீவி உட்காரவைத்தாள். எல்லாவற்றையும் சரியாக எழுதினாள். பானிப்பட் அதன் ஆண்டுக்குப் போனது, அக்பர் ஹுமாயூனிடம் போய்ச் சேர்ந்தார். கடைசியாக ஆங்கிலத்தில் ஒரு கடிதம் பாக்கி இருந்தது, வெளியூரில் இருக்கும் அம்மாவுக்கு மகள் எழுதுவது. இத்தனை நாளும் அதில் மட்டும் அவள் தப்புப் போட்டதில்லை, தொட்டதே இல்லை. 'நான் இங்கே நலம்' என்று ஆங்கிலத்தில் எழுதினாள். அது சரியா தப்பா என்று அவளுக்குத் தெரியவில்லை. டீச்சர் பார்த்துவிட்டு முழு மார்க் போட்டார்.

ஓசூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக இரண்டையும் ஏற்றிவிட்டாள்.

"பெரியவர மேல லக்கேஜ்ல போட்டுடவாம்மா?" என்றார் கண்டக்டர்.

"வேணாம். அதுக்கு மயக்கம் வரும். அந்த ஒல்லி பக்கத்துலயே இருக்கட்டும்."

பஸ் வாணியம்பாடி பக்கம் திரும்பும்வரை நின்றாள். வீட்டுக்கு வந்து, பெருக்கத் தோல் ஏதும் இல்லாத தரையைப் பெருக்கினாள், பெருக்கிக்கொண்டே அழுதாள். ஞாயிற்றுக்கிழமை போனில், "கை சரியாயிடுச்சும்மா" என்றாள் மிருதுளா. நல்லது என்றாள் தமயந்தி. அதற்குப் பிறகு இருவருக்கும் பேச எதுவும் கிடைக்கவில்லை.

புதன்கிழமை ஐந்தரைக்கு அவள் கம்பெனியிலிருந்து வந்தபோது படியில் ஒரு புள்ளிக்கோடு உட்கார்ந்திருந்தது. ஒரு சாண் நீளம் இருக்கும். பயணத்தில் இரண்டு மூன்று புள்ளிகள் கலைந்திருந்தன. அதன் அடியில் 'பெற்றோர் கையொப்பம்' என்று அச்சடித்திருந்தது.

"ஓசூர்ல இருந்தா?" என்று கேட்டாள் தமயந்தி.

"ஆமாம்மா. அவங்கப்பா ரெண்டு தடவ கையெழுத்துப் போட்டாரு. நிக்கல, கீழ விழுந்துடுச்சு."

தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கோடு மேசைமேல் ஏறி நேராகப் படுத்துக்கொண்டது. தமயந்தி பேனாவை எடுத்தாள்.

"மிருதுளா ஒண்ணு சொல்லி அனுப்பிச்சாங்க," என்றது கோடு. "கொஞ்சம் மெதுவா போடணுமாம். டெய்லி வேணுமாம்."

தமயந்தி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். த என்ற எழுத்தை முடிக்கவே ஆறு மணி ஆகிவிட்டது.