மூன்றாம் வரிசைச் சிரிப்பு

1934-ஆம் ஆண்டு செந்தூல் படக்கொட்டகையில் பவுனம்மாள் சிரித்த சிரிப்பு அவளோடு வீட்டுக்குப் போகவில்லை. மூன்றாம் வரிசைப் பெஞ்சிலேயே தங்கிவிட்டது. தமிழ்ப் பேசும்படம் என்றுதான் நோட்டீசில் போட்டிருந்தார்கள். கதாநாயகி தமிழில் பாடினாள், கதாநாயகன் தெலுங்கில் பேசினான். மயங்கிக் கிடந்தவளை மடியில் கிடத்தி அவன் அழுத அழுகையில் ரயில்வே பட்டறைக் குடும்பங்கள் மூக்கைச் சிந்தின. அவன் சொன்னதோ, சீக்கிரம் எழுந்திரு, கால் மரத்துப்போச்சு என்பதுதான். அது பவுனம்மாளுக்கு மட்டும் புரிந்தது. சேலத்துக்காரி என்று சொல்லிக்கொண்டிருந்தவளுக்கு அது புரிந்திருக்கக் கூடாது.

“எவடி அவ, சாவுல சிரிக்கிறவ?” என்று இருட்டில் ஒருத்தி கேட்டாள். பவுனம்மாளும் மற்றவர்களோடு திரும்பிப் பார்த்தாள்.

பவுனம்மாளின் உண்மையான பெயர் பங்காரம்மா. பேராக் கரையோரத் தென்னந்தோட்டத்தில் கங்காணி அப்பலசாமியின் மனைவி. அடி தாங்காமல் ஒருநாள் அவன் கண்ணில் சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு ஓடிவந்தாள். தெலுங்குத் தங்கத்தைப் பவுனாக்கிப் பெயரைத் தமிழில் மாற்றிக்கொண்டு, பட்டறைக்காரன் இராமலிங்கத்தோடு மூன்று ஆண்டுகளாகக் குடும்பம் நடத்தினாள். தூக்கத்தில் தெலுங்கு வந்துவிடும் என்று வாயில் துணி கட்டிப் படுத்தாள்.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு காட்சியிலும், அதே இடத்தில், ஆளில்லாத பெஞ்சு சிரித்தது. கொட்டகைக்காரர் பூசாரியை அழைத்தார், பெஞ்சை மாற்றினார்; சிரிப்பு நகரவில்லை. பவுனம்மாளே போய் அதன்மேல் உட்கார்ந்து வாயைத் திறந்து பார்த்தாள். அது உள்ளே வரவில்லை. இந்தப் பேச்சு கிள்ளானைத் தாண்டிப் பேராக்வரை போனது. மூன்றாவது வாரம் அப்பலசாமி வந்தான். பேசாத படத்தில் குருடனுக்கு என்ன வேலை, இது பேசியது. சிரிப்பைக் கேட்டதும் எழுந்து நின்றான். அது முதலில் கேட்ட நாளில் வந்தவர்கள் யார் என்று விசாரித்தான்.

ஞாயிறு காலை பட்டறைக்காரர்கள் குடியிருந்த லயத்துக் குழாயடியில் வந்து நின்று, பெண்களை ஒவ்வொருவராகச் சிரிக்கச் சொன்னான். கண் தெரியாதவன் கேட்கிறானே என்று அவர்களும் சிரித்தார்கள். கைத்தடி பவுனம்மாளின் வாளியைத் தொட்டது. அவன் அந்த வசனத்தை அதே அழுகுரலில் தெலுங்கில் சொன்னான். அவள் வயிறு குலுங்கியது. தொண்டையில் ஒன்றும் வரவில்லை.

“இது சிரிக்காதுண்ணே,” என்றாள் பக்கத்து வீட்டு வீரம்மா. “மூஞ்சியே அப்படித்தான்லா.”

அப்பலசாமி காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டுக் கைத்தடியை எடுத்துக்கொண்டான்.

“அப்ப இவ இல்ல. அவ அடிக்க அடிக்கச் சிரிப்பா.”

அதன்பின் பவுனம்மாள் சிரித்ததில்லை. படங்கள் மாறின, கதாநாயகர்கள் தமிழ் கற்றுக்கொண்டார்கள், சிரிப்பு மட்டும் தன் நேரத்துக்கு வந்தது. சனிக்கிழமைகளில் இராமலிங்கம் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவான். மறுபக்கத்தில் அப்பலசாமி உட்கார்ந்திருப்பான். நடுவில் ஒரு ஆள் அளவு இடம் விட்டிருப்பார்கள்.