பெஞ்சின் வலது ஓரம்

பெஞ்சின் வலது ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறாள் திர்சா, இடது பக்கத்தில் இன்னொரு ஆள் தாராளமாக உட்காரலாம், கால்களைப் பின்னுக்கு மடக்கி பெஞ்சுக்கு அடியில் வைத்திருக்கிறாள், கால் தரைக்கு எட்டாத வயதில் பழகியது, பென்ஷன் வாங்குகிற வயதிலும் போகவில்லை, வேப்பேரியில் இந்தப் பியானோ கடைக்குள் நுழைந்ததிலிருந்து ஒவ்வொரு பியானோவின் முன்னாலும் இப்படியே ஓரமாக உட்கார்ந்து, நாலு வரி வாசித்து, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுந்துவிடுகிறாள். சத்தம் நிக்க மாட்டேங்குதே தம்பி, தொட்டதும் செத்துப்போகுது. கடைக்காரர் செலஸ்டின் பொறுமைசாலி, ஆன்ட்டி, இது போன வாரம்தான் சுருதி சேர்த்தது என்கிறார், அது ஜெர்மனியிலிருந்து வந்தது என்கிறார், ஜெர்மனியாவது ஜப்பானாவது, திர்சாவின் காதுக்கு எல்லாம் காய்ந்த சுள்ளியை ஒடிக்கிற மாதிரிதான் கேட்கிறது. அவருக்கு இந்த அம்மாள் போனில் பேசிய அன்றே ஆச்சரியம்தான். அடுக்குமாடி வீட்டுக்குப் பியானோ வாங்க வருகிறவர்கள் அகலம் கேட்பார்கள், படிக்கட்டில் திரும்புமா, கதவுக்குள் நுழையுமா என்பார்கள், இவள் உயரத்தை மட்டும் கேட்டாள், என் நெஞ்சுக்கு மேலே வரக் கூடாது என்றாள். உயரமானதில்தான் ஆன்ட்டி நாதம் நல்லா வரும் என்று அவர் சொல்லிப் பார்த்தார், காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

காரணத்தை அவரிடம் எப்படிச் சொல்வது, புரசைவாக்கத்தில் இரண்டாவது மாடியில் ஒரு ஹால், ஒரு ரூம், அந்த ஹாலில் கிழக்குச் சுவரில் ஓர் எண்ணெய்க் கறை இருக்கிறது, அக்கா எப்சிபா கட்டிலில் உட்கார்ந்து தலையைச் சுவரில் சாய்த்துச் சாய்த்து உண்டாக்கியது, தேங்காயெண்ணெய், ஒரு பப்பாளிப்பழம் அளவுக்கு வட்டம், முன்பெல்லாம் திர்சா அதற்காகச் சண்டை போடுவாள், சுண்ணாம்பு அடித்த சுவரை நாசம் பண்ணுதியே யக்கா என்பாள், எப்சி கேட்டால்தானே. போன ஈஸ்டர் கழிந்து எப்சி போனாள், கட்டில் கீழ்வீட்டுக்குப் போனது, பெயிண்ட் அடிக்க வந்தவர்களிடம் அந்த ஒரு சுவரை மட்டும் விட்டுவிடுங்கள் என்று திர்சா குறுக்கே நின்றாள், அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், பார்த்துக்கொள்ளட்டும். பியானோ வைக்க அந்தச் சுவரை விட்டால் வேறு சுவர் கிடையாது, கறை மறையக் கூடாது, விஷயம் அவ்வளவுதான். பியானோ ஆசையும் இன்று நேற்று வந்ததல்ல, டீச்சர்களாக இருந்த அக்கா தங்கை இரண்டு பேரும் ரிட்டயர் ஆன நாளிலிருந்து திர்சா நச்சரித்தது, நமக்குன்னு ஒண்ணு வாங்குவோம் யக்கா என்று, எப்சி இடுப்பில் கை வைத்து ஹாலைச் சுற்றிப் பார்த்துச் சிரிப்பாள், எங்கன வைப்ப ஏட்டி, என் தலையிலயா. இப்போது இடம் இருக்கிறது. கட்டில் கிடந்த நீளத்துக்கு வெறுமையாக இருக்கிறது, கூட்டிப் பெருக்கும்போதெல்லாம் விளக்குமாறு அங்கே வந்ததும் தானாக நிற்கிறது, இப்படி இடம் வேண்டும் என்று அவள் கேட்கவே இல்லை.

செலஸ்டின் மூலையிலிருந்த ஒன்றின் துணியை எடுக்கிறார், பழுப்பு நிறம், உயரம் குறைவு, மூடியைத் திறந்ததும் பாலிஷும் பழைய கம்பளியும் கலந்த வாசனை, பாளையங்கோட்டைப் பள்ளிக்கூட ஹாலின் அதே வாசனை, திர்சா சின்னவளாகிவிடுகிறாள், ஜன்னல் வழியாக வெயில் விழுகிறது, அப்பா அதே பள்ளிக்கூட ஆபீஸில் கிளார்க், அவர் முகத்துக்காகப் பியானோ டீச்சர் ஒரு பிள்ளைக்கு நேரம் ஒதுக்கினாள், ஒரு பிள்ளைக்குத்தான், அப்பா இரண்டு பேரையும் அனுப்பிவைத்தார், டீச்சர் மூக்குக்கண்ணாடி வழியாக மேலும் கீழும் பார்த்துவிட்டு நெட்டையானவளை இடது பக்கமும் குட்டையானவளை வலது பக்கமும் உட்காரவைத்தாள், கனத்த சத்தமெல்லாம் எப்சிக்கு, பாட்டு திர்சாவுக்கு. அடுத்த வருஷம் பிரித்துத் தனித்தனியாகச் சொல்லித்தருகிறேன் என்றவள் அடுத்த வருஷம் கல்யாணமாகிக் கொழும்புக்குப் போய்விட்டாள், பிரிக்க ஆள் இல்லை, இரண்டு பேரும் சேர்ந்தே வளர்ந்தார்கள், சேர்ந்தே இந்த ஊருக்கு டீச்சர் வேலைக்கு வந்தார்கள், கல்யாணப் பேச்சு வந்து வந்து போயிற்று, கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வாசித்தார்கள், இரண்டு உடம்பும் ஒரு பியானோக்காரியும் என்று சபைப் போதகர் ஐயர்வாள் கேலி செய்வார், எப்சியின் தோள் இடிக்கும், அவளுடைய பவுடர் வாசனை வரும், வரி முடிகிற இடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து மூச்சு விடுவார்கள், சத்தம் மச்சு வரைக்கும் போய் நின்றுவிட்டு இறங்கும். அக்கா போனபிறகு ஒரே ஒரு ஞாயிறு திர்சா தனியாகப் போய் உட்கார்ந்தாள். கோயில் பியானோ கெட்டுவிட்டது என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாள், சபையார் பாடி முடித்தபோது யாருடைய முகத்தையும் பார்க்காமல் இறங்கி வந்தவள்தான், அப்புறம் பின்வரிசையிலேயே இருந்துகொண்டாள்.

அந்தக் கடைசி நாட்களில் எப்சிக்குப் பேச்சு இல்லை, கண்ணும் முக்கால்வாசி மூடித்தான் இருந்தது, கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு திர்சா கோயிலில் வாசிக்கும் மாலைப் பாட்டை முணுமுணுப்பாள், சும்மா இருக்க முடியாமல்தான், போர்வைக்குள்ளே அக்காவின் வலது கால் மட்டும் அமுங்கும், எழும்பும், மறுபடியும் அமுங்கும், கால் இழுக்குதா யக்கா என்று இவள் பாட்டை நிறுத்திவிட்டுத் தைலத்தை எடுத்துத் தேய்ப்பாள், கால் அசையாமல் கிடக்கும், இவள் மறுபடி முணுமுணுக்க ஆரம்பித்தால் அதுவும் ஆரம்பிக்கும், வாயுப்பிடிப்பு என்று டாக்டரிடம்கூடச் சொன்னாள். அந்தப் பாட்டைத்தான் பழுப்புப் பியானோவிலும் வாசிக்கிறாள், இதுவும் சுள்ளிதான், கையை மடிக்கு இழுத்துக்கொள்கிறாள், செலஸ்டினுக்குப் பொறுமை தீர்ந்ததோ பிரியம் வந்ததோ, இருங்க ஆன்ட்டி, நான் கீழ் சுரத்தைக் கொடுக்கிறேன், நீங்க பாட்டை வாசிங்க, சேர்ந்து கேட்டுப் பாருங்க என்று பெஞ்சின் காலி இடத்தில் உட்கார்ந்தார், திர்சா வேண்டா வெறுப்பாகத் தொடங்கினாள், இரண்டாவது வரியில் சத்தம் நின்றது. செத்துப்போகாமல் நின்றது. ஒன்றின் மேல் ஒன்று படிந்து, கடையின் கண்ணாடிக்கதவு வரை போய், வரி முடிகிற இடத்தில் சுத்தமாக அறுந்து, மறுபடி எழுந்தது, வந்துட்டியா யக்கா என்று திர்சா இடது பக்கம் திரும்பினாள், மீசை வைத்த ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார், மரியாதைக்குப் புன்னகை செய்தார். அவள் குனிந்து பார்த்தாள். அவருடைய வலது கால் பெடலின் மேல் இருந்தது, அமுங்கியது, எழும்பியது, மறுபடியும் அமுங்கியது.

பெடல் என்று ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியாதா என்ன, தெரியும், மிதித்தால் சத்தம் நிற்கும், காலை எடுத்தால் அறும், ஆனால் அது அக்காவின் வேலை, கேஸ் சிலிண்டர் மாற்றுவதும் கரப்பான் அடிப்பதும் அக்காவின் வேலை என்பது போல, திர்சா காலைப் பின்னுக்கு மடக்கிக்கொண்டு வாசிக்கப் பிறந்தவள், அவ்வளவு வருஷமும் தன் விரலில்தான் அந்த நாதம் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள், எப்சியும் சொல்லிக்காட்டவில்லை, போர்வைக்குள்ளிருந்தும்கூட மிதித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள், இவள் தைலம் தேய்த்தாள். திர்சாவுக்கு அழுகை வந்தது, அழுதாள், கடை என்றும் பார்க்கவில்லை. செலஸ்டின் பதறி எழுந்து, பிடிக்கலைன்னா விடுங்க ஆன்ட்டி, அடுத்த மாசம் வேற வரும் என்றார். இல்ல தம்பி, இதையே அனுப்புங்க, இது நல்ல பியானோதான், எல்லாமே நல்ல பியானோதான் என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நாலு பேர் கயிறு கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள், படித்திருப்பத்தில் கொஞ்சம் மல்லுக்கட்டு, கீழ்வீட்டுக்காரர்கள் கதவைத் திறந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்கள், கிழக்குச் சுவரோடு சேர்த்து வைத்தபோது கறை பியானோவுக்கு மேலே அப்படியே தெரிந்தது, அவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள், வீடு பழையபடி அமைதியானது. திர்சா பெஞ்சை இழுத்துப் போட்டு வலது ஓரத்தில் உட்கார்ந்தாள், பழக்கம் விடுமா, ஒரு வரி வாசித்தாள், சுள்ளி. காலை நீட்டினாள், எட்டவில்லை, இன்னும் நீட்டினாள், பெருவிரல் நுனி பித்தளையில் பட்டு வழுக்கியது, ஓரத்தில் உட்கார்ந்தால் எட்டாது, நடுவுக்கு நகர்ந்தாலொழிய எட்டாது. வெகுநேரம் கையைக் கட்டிக்கொண்டு அந்தக் காலிப் பாதியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், வெயில் பால்கனிக் கம்பியைத் தாண்டி உள்ளே வந்து பெஞ்சின் மேல் ஏறியது. பிறகு, கொஞ்சம் தள்ளிக்கோ யக்கா, கால் எட்டல என்றாள், வாய்விட்டே சொன்னாள், சொல்லிவிட்டு நகர்ந்து நடுவில் உட்கார்ந்தாள். இரண்டு பக்கமும் காலியாக இருந்தது. காலை வைத்து மிதித்தாள், மாலைப் பாட்டின் கடைசி வரியை வாசித்தாள், தப்பும் தவறுமாகத்தான் வந்தது, சத்தம் எழுந்து கறைக்கு மேலே போய் ஹால் முழுக்க நின்றது, அவள் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், அப்போதும் நின்றது, மெல்ல மெல்லத் தேய்ந்தது, தெருவில் ஆட்டோக்களின் சத்தம் மேலே வந்தது, இன்னும் இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாத நேரத்திலும் அவள் காலை மட்டும் எடுக்கவில்லை.